பேயா, வெளிச்சமா? 'கொலையுதிர் காலம்' பற்றி எங்கள் வாசகர்கள் சொன்னவை

(மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றின் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில், வாசிப்பு வட்டத்தின் சார்பில் ஆற்றிய உரை)

மழையையும் பார்க்காமல் மேக்கணக்கிலிருந்தும் பணியக்கணக்கிலிருந்தும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீங்க. மெத்தச் சந்தோஷம்.

எங்கள் வாசிப்பு வட்டம் இந்த முறை எடுத்துக்கொண்டது சுஜாதா எழுதிய 'கொலையுதிர் காலம்' என்ற துப்பறியும் நாவல். போன முறை எடுத்த புத்தகத்துக்கு நாலு பேர்தான் கருத்துச் சொன்னாங்க. இதற்குப் பத்தொன்பது பேர் சொல்லியிருக்கிறாங்க. சிலர் கொப்பித் தாளில் எழுதித் தந்தாங்க. சிலர் கொழுந்து நிறுக்கிற வரிசையிலேயே சொல்லி முடிச்சிட்டாங்க. ஒருத்தர் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "முடிவை இப்பவே சொல்லுங்க, நித்திரை வருதில்ல" என்று கேட்டார். சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. கதையின் கேள்வியைச் சொல்லுவோம், உங்கள் பதில்களைச் சொல்லுவோம்.

எழுதியவரைப் பற்றி இரண்டு வார்த்தை. சுஜாதா என்பது புனைபெயர். சொந்தப் பெயர் ரங்கராஜன். பிறந்தது 1935இல், காலமானது 2008இல். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக வேலை பார்த்தவர். இந்தியாவில் இப்போது வாக்குப் போடுகிறார்களே ஒரு மெஷின், அதை உருவாக்கிய வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. அவருடைய துப்பறிகிற ஆட்கள் இரண்டு பேர். கணேஷ், வசந்த். இரண்டு பேரும் பொலிஸ்காரர்கள் இல்லை, வக்கீல்கள். கணேஷ் முதலில் வந்தது 1968இல், 'நைலான் கயிறு' என்ற கதையில். 'கொலையுதிர் காலம்' 1981ஆம் ஆண்டு குமுதம் சஞ்சிகையில் வாராவாரம் தொடராக வந்தது.

அந்தக் காலத்தில் அதை வாரத்துக்கு வாரம் வாசித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறாங்க. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. 1977க்குப் பிறகுதான் அது தளர்ந்தது. அதனால் குமுதம் மறுபடி மாத்தளை டவுன் கடைகளில் தொங்க ஆரம்பித்த காலம் அது. ஒருத்தர் வாங்குவார், நாற்பது பேர் வாசிப்பாங்க. ஒரு வாரம் புத்தகம் வராவிட்டால் அந்த அத்தியாயம் போனதுதான். அப்படி இரண்டு அத்தியாயம் இல்லாமலேயே கதையை முடித்துக்கொண்டதாக ஒரு தாத்தா சொன்னார். விட்டுப்போன இடத்தில் அவரே ஒரு கொலையைச் சேர்த்துக்கொண்டாராம்!

இனிக் கதைக்கு வருவோம். லீனா என்று ஓர் இளம் பெண். பெரிய சொத்துக்கு உரியவள். அவளுக்கு வயது வரும் வரைக்கும் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவர் குமார வியாசன் என்ற உறவினர். சொத்து கைமாறுகிற விஷயமாக வக்கீல்கள் இரண்டு பேரும் அந்தப் பழைய பெரிய வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே இரவில் ஒரு பெண் உருவம் தெரிகிறது. அந்தக் குடும்பத்தில் எப்போதோ செத்துப்போன ஒருத்தியின் ஆவி என்கிறார்கள். அப்புறம் கொலை விழுகிறது. செய்தது பேயா, மனுஷனா? மனுஷன் என்றால் அந்த உருவத்தை எப்படிக் காட்டினான்? இதுதான் கேள்வி. கணேஷ் அறிவியல் பக்கம் நிற்கிறார். ஹோலோகிராம் என்ற ஒரு வகைப் படத்தால் இதைச் செய்யலாம் என்று ஒரு விளக்கம் வருகிறது. ஆனால் கதாசிரியர் கடைசி வரைக்கும் கதவை முழுதாகச் சாத்தவில்லை. ஒரு பிளவு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

அந்தப் பிளவைப் பற்றித்தான் இரண்டு மாதமாகத் தோட்டத்தில் சண்டை.

முதல் கட்சி, "ஏமாத்திட்டார்" என்கிற கட்சி. ஏழு பேர். இவங்க வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. துப்பறியும் கதை என்றால் வாசகனுக்கும் எழுத்தாளனுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் மாதிரி. தடயம் எல்லாம் எங்களுக்கும் காட்டணும், கடைசியில் விடையும் தரணும். இங்கிலாந்தில் ரொனால்ட் நொக்ஸ் என்று ஒரு பாதிரியார், துப்பறியும் கதையும் எழுதினவர். 1929இல் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பத்துக் கட்டளை எழுதினார். அதில் ஒன்று, பேய் பிசாசு தெய்வசக்தி எதையும் உள்ளே விடக்கூடாது என்பது. எழுதினவர் ஒரு பாதிரியார் என்பதைக் கவனியுங்க! ஸ்டோரில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றை உதாரணம் காட்டினார். ஆர்தர் கொனன் டொயில் எழுதிய பாஸ்கர்வில் வேட்டை நாய்க் கதை. 1901இல் தொடராக வர ஆரம்பித்தது. அதிலும் ஒரு குடும்பத்தைப் பிடித்த சாபம், இரவில் வாயில் நெருப்போடு வருகிற பேய் நாய். கடைசியில் பார்த்தால் அது நிஜ நாய்தான், இருட்டில் ஒளிருகிற மருந்தைப் பூசி விட்டிருக்கிறான். "கணக்கு டாண்ணு முடியுது. அது கதை. இது என்னா, மாசக் கடைசியில செக்ரோல முடிக்காம விட்ட மாதிரி" என்றார் அண்ணன்.

இரண்டாவது கட்சி பேய்க் கட்சி. ஐந்து பேர். இவங்களுக்கு முடிவில் குறையே தெரியவில்லை. "அவரே பேய் இல்லைன்னு அடிச்சுச் சொல்லல, நீங்க யாரு சொல்ல" என்பது இவங்கள் கேள்வி. இரவு வேலை முடிந்து ஸ்டோரிலிருந்து தனியா நடந்து வருகிறவர்களும் இதில் இருக்கிறாங்க என்பதைச் சொல்லவேண்டும். அந்தப் பாதையில் ஒரு பலாமரம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம் என்றாங்க.

மூன்றாவது, ஹோலோகிராம் கட்சி. பெரும்பாலும் ஏ.எல். படிக்கிற பிள்ளைகள். இவங்களோடு உட்கார்ந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம். ஹோலோகிராம் நிஜமான ஒன்று. கண்டுபிடித்தவர் டெனிஸ் காபோர், ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். 1947இல் யோசனை வந்தது. லேசர் விளக்கு 1960இல் வந்த பிறகுதான் அது நன்றாகச் செய்யக்கூடியதானது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணப் படம் தட்டையாக இருக்கும். இந்தப் படத்தில் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்தால் பொருளின் பக்கவாட்டும் தெரியும். சில வங்கி அட்டைகளின் மூலையில் மினுங்குகிற சின்னப் படம் அந்த வகைதான். சம்பளக் காசு எடுக்கிற அட்டையைச் சாய்த்துப் பாருங்க.

ஆனால் ஒரு சங்கடம். அந்தப் படம் தெரியவேண்டும் என்றால், பார்க்கிறவன் கண்ணுக்கு நேரே அந்தத் தகடு இருக்கணும். ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. ஜன்னல் இல்லாத இடத்தில் படமும் இல்லை. திறந்த வெளியில் வெறும் காற்றில் ஆளுயரப் பெண் எழும்பி நடந்து போக 1981இல் வழி கிடையாது. அப்படியானால் கணேஷ் பக்கத்து விடையும் முழுசாக நிற்கவில்லை. இதைக் கேட்டதும் பேய்க் கட்சிக்கு ஒரே குஷி. கைதட்டினாங்க.

கொஞ்சம் பொறுங்க என்றோம். ஹோலோகிராம் முடியாது என்றால் பேய் வந்துவிடுமா? வேறு வழியும் இருக்கிறதே. லண்டனில் 1862இல் ஜோன் ஹென்றி பெப்பர் என்று ஒருத்தர் மேடையில் ஆவியைக் காட்டினார். (பெப்பர் என்றதும் நம்ம மாத்தளை மிளகுதான் ஞாபகம் வருது, என்ன செய்ய.) மேடையில் பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தார். சபையோர் கண்ணுக்குப் படாத பள்ளத்தில் ஒரு நடிகர் நின்றார். அவர் மேல் பலத்த வெளிச்சம் போட்டால் அவருடைய நிழலுரு கண்ணாடியில் விழுந்து, மேடையில் நிற்கிறவர் பக்கத்தில் ஓர் ஆவி நிற்பதுபோலத் தெரியும். உங்களுக்கு இது புதுசில்லை. ரத்தோட்டையிலிருந்து இருட்டின பிறகு பஸ்ஸில் வருகிறீங்க. உள்ளே லைட் எரியுது. ஜன்னல் கண்ணாடியில் பாருங்க, உங்கள் முகம் வெளியே தேயிலைச் செடிக்கு மேலே மிதந்து கூடவே வரும். அதுதான் பெப்பரின் பேய். 2012இல் அமெரிக்காவில் செத்துப்போன பாடகர் டூபாக்கை மேடையில் பாடவைத்தார்கள். உலகம் முழுக்க ஹோலோகிராம் என்றார்கள். உண்மையில் அதுவும் மெல்லிய பிளாஸ்டிக் திரையில் விழுத்தின பெப்பர் வித்தைதான். நாவலில் இப்படி நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு விளக்கம் விழுந்துவிட்டால் பேய்தான் மிச்சம் என்று முடிவெடுக்க முடியாது என்று சொல்கிறோம்.

பெரிய படிப்பாளிகளே இதில் சறுக்கியிருக்கிறாங்க. ஹோம்ஸைப் படைத்த அதே கொனன் டொயில்! இங்கிலாந்தில் கொட்டிங்லி என்ற கிராமத்தில் 1917இல் இரண்டு பெண் பிள்ளைகள், தேவதைகளோடு நிற்பதுபோலப் படம் எடுத்தார்கள். டொயில் அதை நம்பி 1920இல் சஞ்சிகையில் கட்டுரையே எழுதினார். படங்களின் குட்டு வெளியானது 1983இல். அந்தப் பிள்ளைகள் பாட்டிமார் ஆன பிறகு, கடதாசியில் வெட்டித் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தினோம் என்று ஒத்துக்கொண்டாங்க. டொயில் 1930லேயே போய்விட்டார்.

பெண்களின் கருத்துகளைத் தனியாகச் சொல்லவேண்டும். பத்தொன்பதில் பதினொன்று பெண்களுடையது. வசந்தை ஆண்களுக்கெல்லாம் பிடித்திருக்கிறது. சிரிக்கவைக்கிறான், சுறுசுறுப்பு, எதற்கும் ஒரு குத்தல் பேச்சு. ஆனால் பெண்களைக் கண்டால் அவன் விடுகிற ஜோக் இருக்கிறதே, அதைப் பற்றி ஆறு பேர் எழுதியிருக்கிறாங்க, ஆறும் காட்டம்தான். "மலையில இப்படி ஒருத்தன் பேசினா கொழுந்துக் கூடையால போடுவோம், கதையில பேசினா சிரிக்கணுமா?" என்று ஒரு அக்கா. அந்தக் காலத்து எழுத்து அப்படித்தான் என்று ஒரு தம்பி சமாதானம் சொன்னார். அந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கும் கோபம் வந்துதான் இருக்கும் என்று பதில் வந்தது. எங்களுக்கும் அக்கா பக்கம்தான் நியாயம் படுகிறது. நடையைப் பற்றி எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். சின்னச் சின்ன வசனம். பக்கம் ஓடுது. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து கண்ணைச் சொருகுகிற நேரத்திலும் நாலு பக்கம் போகுது என்கிறாங்க.

பயத்தைப் பற்றி ஒரு தங்கச்சி எழுதினது: இது வித்தைதான் என்று தெரிந்த பிறகும் இரவு வெளியே கழிவறைக்குப் போக அம்மாவை எழுப்பினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காமன் கூத்தில் மதனாக ஆடுகிறவர் பக்கத்து லயத்து அண்ணன் என்று தெரியும். அப்படியும் காமன் எரியும்போது அழுகிறோமே.

இப்போது ஒரு பெரியம்மாவின் கருத்து. அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தி சத்தமாக வாசிக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டவங்க. அவங்க பேய்க் கட்சியும் இல்லை, அறிவியல் கட்சியும் இல்லை. "அந்தக் கணேஷ் யாரைப் பாத்தாலும் நீ பாத்தியா, எங்க நின்னு பாத்தன்னு கேக்குறான். அதுதான் எனக்குப் புடிச்சிச்சி" என்றாங்க. ஏன் என்று கேட்டோம். அப்போது சொன்ன விஷயம் இது. யார் என்று தெரியாதபடி சொல்லும்படி கேட்டுக்கொண்டாங்க.

பல வருஷத்துக்கு முந்தி, வேறொரு தோட்டத்தில், ஒரு லயத்தில் சீட்டுக் காசு காணாமல் போனது. பெட்டிக்குள் துணியில் முடிந்து வைத்த காசு. பொலிசுக்குப் போகவில்லை. வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிற ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். அவர் வெற்றிலையைப் பார்த்து, "பொம்பளப் புள்ள. இடது பக்கத்து வீடு" என்றார். இடது பக்கத்து வீட்டில் பதினாலு வயதில் ஒரு பிள்ளை இருந்தாள். அவ்வளவுதான். பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவங்க விலகி நின்றாங்க. பள்ளிக்கூடத்திலும் பெயர் வைத்தாங்க. இரண்டு மாதத்தில் படிப்பை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். காசு கிடைக்கவேயில்லை. அவள் திரும்பி வந்து குடியிருக்கவும் இல்லை.

பெரியம்மா கேட்டாங்க: "இடதுன்னா எந்த இடது? லயத்தப் பாத்து நின்னா ஒரு வீடு. இஸ்தோப்புல நின்னு வெளிய பாத்தா அந்தப் பக்கத்து வீடு. அது இரட்டை லயம், முதுகுப் பக்கமும் வீடு இருக்கு. அன்னைக்கு அங்க நூறு பேர் நின்னாங்க. ஒருத்தரும் கேக்கல."

கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு தம்பி, "ஒருவேளை அந்தப் பிள்ளையே எடுத்திருந்தா?" என்றார். கேட்கவேண்டிய கேள்விதான். பெரியம்மா கோபப்படவில்லை. "இருக்கலாம். அவ எடுக்கலன்னு நான் சொல்லல. எடுத்தத யார் பாத்தான்னு கேக்கலன்னுதான் சொல்றேன்" என்றாங்க.

இதைக் கேட்ட பிறகு முடிவைப் பற்றிய சண்டை வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஏமாத்திட்டார்" கட்சியில் மூன்று பேர் கட்சி மாறினாங்க. விடை தெரியாமல் நிற்கிறது கஷ்டம், அந்தக் கஷ்டம் தாங்காமல்தான் நாம் யார் தலையிலாவது போட்டுவிடுகிறோம் என்று அவங்களில் ஒருத்தர் சொன்னார். தெரியாது என்றால் தெரியாது என்று நிறுத்திக்கொள்கிற ஒரு கதையும் இருக்கட்டுமே என்றார். ஸ்டோர் அண்ணன் மட்டும் மாறவில்லை. தோட்டத்தில் விடை தெரியாத விஷயம் போதும், காசு கொடுத்து வாங்குகிற புத்தகத்திலாவது விடை வேணும் என்கிறார். அதையும் குறித்துக்கொண்டோம்.

இன்னொரு கேள்வியும் வந்தது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' என்று நம்ம வாழ்க்கையைச் சொன்ன நாவல்கள் உண்டு. நம்ம லயத்திலிருந்து ஒரு துப்பறிகிறவர் புறப்பட்டால் எப்படி இருக்கும்? ஆளுக்கொரு யோசனை. அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு கொழுந்து அக்கா சொன்னது. கொலையெல்லாம் வேண்டாமாம். கூடையிலிருந்து தராசுக்குப் போகிற வழியில் குறைகிற கிலோ எங்கே போகுது என்று ஒருத்தி துப்பறிந்தால் போதும், முந்நூறு பக்கம் வரும் என்றாங்க. எழுதத் தெரிந்த பிள்ளைகள் யாராவது எடுத்துக்கொள்ளுங்க. நாங்கள் கொப்பி வாங்கித் தருகிறோம்.

கடைசியாக ஒரு முறைப்பாடு. இந்த நாவலின் ஒரே பிரதியை மாத்தளை டவுனில் பழைய புத்தகக் கடையில் வாங்கினோம். பதினொரு வீடு சுற்றிவிட்டது. ஐந்தாவது வீட்டிலோ ஆறாவது வீட்டிலோ யாரோ நாற்பதாம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால், "இவன்தான் கொலைகாரன்" என்று ஒரு பெயரில் கோடு போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வாசித்த ஐந்தாறு வீட்டுக்காரர்களும் அந்த ஆளையே முறைத்துக்கொண்டு கதையை வாசித்திருக்கிறாங்க. அவன் தேநீர் குடித்தால் சந்தேகம், ஜன்னலைத் திறந்தால் சந்தேகம். கோடு போட்டவர் புத்தகத்தை முடிக்கவில்லை என்று நினைக்கிறோம், ஏனென்றால் அந்த ஆள் இல்லை.

அடுத்த மாதம் 'நைலான் கயிறு'. இரண்டு பிரதி கிடைத்திருக்கிறது. ஒன்று மேக்கணக்குக்கு, ஒன்று பணியக்கணக்குக்கு. ஒரு வீட்டில் நாலு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். பென்சிலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வாசியுங்க.